பன்னிரண்டாவது ட்ராக், ஒன்பது நொடி

படம் ஆறு நாள் ஓடியது.
எங்கள் டூக்கம்கேரியில் பத்து நாள்,
பின்னணியில் ஊர்க்காரர்கள் தலை தெரிந்ததால்.
கேசட் மட்டும் சாகவில்லை.

கடல் பார்க்காத ஊரில் எடுத்த படத்துக்கு
முதல் பாட்டே அலைச்சறுக்குக் கிடார்.
அடுத்து மரியாச்சி எக்காளம்.
பிறகு தேவாலயக் கோரஸ்,
அது ஆமென் சொல்லி முடிக்குமுன்
"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?" என்பான் ஒருவன்.
"ஜெயில் வரைக்கும் போதும்" என்பான் இன்னொருவன்.
உடனே டிஸ்கோ.
வேலைக்கு வந்த முதல் நாளில் ஒருத்தி
நாலு மேசைத் தட்டுகளையும்
ஒரே மேசையில் வைத்துவிட்டுப் போன மாதிரி.
ஆனாலும் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

பன்னிரண்டாவதாக நான்.

"சூப் தீர்ந்துபோச்சு.
உட்காரணும்னா உட்காரு."

பிறகு ஒரு நாற்காலி தரையில் இழுபடும்.
அந்தச் சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு
டிரம் ஏறும்,
டிரம்மின் மேல் ஒரு சோல் பாட்டு ஏறும்.
உறையின் பின்னால் பொடி எழுத்தில்
'ஓட்டல் பெண்: நெல்டா அர்மிஹோ'.
அர்மிஹோவில் ஓர் எழுத்துப் பிழை.

கதைப்படி அதைக் கேட்பவன்
கோட்டுக்குள் துப்பாக்கி வைத்திருப்பவன்.
பதினேழு முறை சொன்னேன்.
பதினேழு முறையும் நடிக்கிறேன் என்றார் டைரக்டர்,
குற்றம் சொல்வது போல.
விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும்
வெளியே சிகரெட்டுக்குப் போனார்கள்.
மைக்கை அணைக்க மறந்தான் ஒருத்தன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ராய்ஸ் வந்தான்.
மூன்று வருஷம் கழித்து.
மழையே இல்லாத நாளில் நனைந்த ஆள் மாதிரி நின்றான்.
எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.
காலையிலிருந்து சொல்லிச் சொல்லி
நாக்கில் ஒட்டிக் கிடந்தது அதுதான்.
சொன்னேன்.
அவன் உட்கார்ந்தான்.

அதைத்தான் படத்தில் வைத்தார்கள்.
துப்பாக்கிக்காரனின் முகம், ராய்ஸின் நாற்காலி.

அதற்குப் பிறகு கல்லூரி விடுதிகளில்,
லாரிகளில், யாரோ ஒருவரின் கல்யாண நடனத்தில்
என் சூப் தீர்ந்துகொண்டே இருக்கிறது.
டென்வரிலிருந்து வந்த பிள்ளைகள்
மெனுவை மூடிவிட்டு என்னைச் சொல்லச் சொல்வார்கள்.
சூப் இருக்கும்போது எப்படிச் சொல்வது?
வருஷத்துக்கு ஒருமுறை காசோலை வரும்,
போன தடவை மூன்று டாலர் பன்னிரண்டு சென்ட்.
அமரில்லோவிலிருந்து ராய்ஸ் ஒரேயொரு முறை போன் செய்தான்:
"அந்த நாற்காலி நான்தானே,
எனக்குப் பங்கு கிடையாதா?"
சிரித்தேனா வைத்துவிட்டேனா, ஞாபகமில்லை.

ஞாபகம்தான் இப்போது தொல்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகு
அன்று அவன் ஏதோ சொன்னான்.
நீளமாகவே சொன்னான், தொப்பியைத் திருகிக்கொண்டு.
கேட்டு நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது,
கவுண்டரின் ஈரம்கூட நினைவிருக்கிறது.
ஆனால் அவன் வாயைத் திறந்தால்
டிரம் வருகிறது.
தூக்கத்தில்கூட வருகிறது.
நன்றாகத்தான் வாசித்திருக்கிறான் பாவி.

அந்த ஒலிப்பதிவாளனுக்குக் கடிதம் போட்டேன்,
மிச்ச நாடா இருக்குமா என்று.
ஒன்பது நொடிக்கு மேல் இருந்ததை
அன்றே அழித்து, அதன் மேல்
நெடுஞ்சாலைக் காற்றைப் பதிவு செய்தானாம்.
அது நாலாவது ட்ராக்கில் இருக்கிறது, கேளுங்கள் என்று எழுதியிருந்தான்.
கேட்டேன். நல்ல காற்று.

போன மாதம் ஆஸ்டினிலிருந்து ஒருத்தன்
அந்த நாற்காலிக்கு இருநூறு டாலர் தருவதாக வந்தான்.
ஜன்னலோரம் இருந்த வேறொன்றைக் காட்டினேன்.
காரின் கூரையில் கயிறு போட்டுக் கட்டினான்.
கிளம்பும்முன், தயங்கி,
ஒரே ஒரு தடவை சொல்ல முடியுமா என்றான்.

அன்றைக்கு சூப் உண்மையிலேயே தீர்ந்திருந்தது.
சொன்னேன்.
கார் போன பிறகும் கொஞ்ச நேரம்
கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
டிரம் வருகிறதா என்று.