மழை, பதிப்பு 1.3

எங்கள் ஊரில் மழை பெய்வதில்லை.
ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் பசிபிக்,
நடுவில் செம்பு ஏற்றிப் போகும் ரயில்.
அந்தோஃபகஸ்தாவில் குடை விற்கும் கடை
எங்கிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பது வயதில், பள்ளி விட்டு வந்து,
யாஸ்னா பார்த்த ஜப்பானியச் சித்திரங்களில்
எப்போதும் மழை.
காதலைச் சொல்ல மழை. ரயிலைத் தவறவிட மழை.
வில்லன் சாகும்போதும் கொஞ்சம்.
பெரிய கண்களை எல்லாப் பிள்ளைகளும் வரைந்தார்கள்.
இவள் மட்டும் கணக்கு நோட்டில்
மேலிருந்து கீழாகக் கோடுகள் இழுத்துக்கொண்டிருந்தாள்.
ஆசிரியை கேட்டார்:
ஏன் எல்லாக் கணக்கையும் அடித்துவிட்டாய்?

பிறகு பிழைப்பு.
பகலில் மருந்துக்கடை. இரவில் யார் கேட்டாலும் வரைவாள்:
ஐந்து டாலருக்கு ஒரு முகம், எட்டுக்கு இடுப்பு வரை,
சிறகு இருந்தால் தனி.
கால்கரியிலிருந்து ஒருவன், செத்துப்போன தன் பூனையைக்
கப்பல் தலைவனாக வரையச் சொன்னான்.
மீசை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று
நான்கு முறை திருத்தச் சொன்னான்.
நான்காவதைப் பார்த்து அழுதேன் என்று எழுதி
இரண்டு டாலர் கூடுதலாக அனுப்பினான்.
சந்தையில் மடிப்பு மேசை போட்டு ஒட்டுப்படம் விற்றாள்;
பாதியைக் கடல்காற்று வாங்கிக்கொண்டது.

ஆட்டம் தொடங்கியது அப்படி ஓர் இரவில்.
ஒரு சிறுமி. ஓர் ஊர். ஒரு மஞ்சள் குடை.
அவள் போகும் இடமெல்லாம் மழை வரும்;
குடையை மூடினால்தான் நிற்கும்.
அவ்வளவுதான் கதை. அதற்கு ஆறு ஆண்டு.
இடையில் சாந்தியாகோவில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது:
குடையைத் துப்பாக்கியாக்க முடியுமா?
யோசிப்பதாகச் சொல்லிவிட்டு
திரும்பும் பேருந்தில் பத்தொன்பது மணி நேரம் தூங்கினாள்.

ஒலி என் வேலை.
மழையின் சத்தம் எனக்கும் தெரியாது.
தகரத் தட்டில் பயறு கொட்டினோம், குதிரை ஓடியது.
அரிசி கொட்டினோம், யாரோ கோபமாகத் தட்டெழுதினார்கள்.
கடைசியில் என் அக்கா பெர்னார்தா
பூசணி மாவைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.
தெற்கே மழை நாளில் தின்பார்களாம் சோபைபியா;
இங்கே மழைக்குக் காத்திருந்தால் பட்டினிதான்.
சட்டி சடசடத்தது. யாஸ்னா விரலைத் தூக்கினாள்:
அசையாதே. பெய்கிறது.

வெளியிட்ட வாரத்தில் நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள்.
இருவர் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.
வால்திவியாவிலிருந்து, மழையிலேயே கிடக்கும் ஊர் அது,
ஒருவர் எழுதினார்:
"அழகு. ஆனால் மழை மேலிருந்து மட்டுமா வரும்?
இங்கே பக்கவாட்டில் வரும்.
குடை எங்களைக் காப்பாற்றியதே இல்லை."
மூன்று நாள் அவள் பேசவில்லை.
அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்றேன்.
அவருக்குத்தான் தெரியும் என்றாள்.

மே மாதம், நள்ளிரவு, எட்டு மில்லிமீட்டர்.
வேறு ஊரில் அதற்குத் தூறல் என்று பெயர்.
எங்கள் கூரைகளை மழைக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை;
வரைபலகை மேல் சொட்டியது.
ஒலிவாங்கியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.
தலையில் மருந்துக்கடைப் பையோடு கதவைத் திறந்தாள்.
கேள், பதிவு செய்யலாம், என்றேன்.
கேட்டாள். நெடுநேரம்.
"எண்ணெய்ச் சத்தம்தான் நன்றாக இருக்கிறது."

பிறகு சன்னலைத் திறந்தாள்.
சாரல் அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் அடித்தது.
கை நீட்டினாள்,
கோணம் அளப்பவளைப் போல.

மழை விட்டும் தூவானம் விடவில்லை:
விடியும்வரை விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
காலை ஏழுக்குப் பதிப்பு 1.3.
மழை இனி சாய்ந்தும் பெய்யும்.
குடை சில சமயம் வெளிப்புறமாக மடங்கிக்கொள்ளும்,
அது பிழை அல்ல.

எட்டரைக்கு மருந்துக்கடையைத் திறக்க வேண்டும்.
போனால், வாசலில் ஊரே நிற்கிறது,
சளியோடு.