மூன்றாம் கீழ்த்தளம், பதினேழாம் தூண்

நான் பார்க்கவில்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லிங்கராஜபுரத்திலிருந்து மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள்.
பதாகை பஸ்ஸில் மடங்கிவிடும் என்று
என் வண்டியில் கட்டினோம்.
கேக் டப்பாவைப் பிரித்த அட்டை.
'ஜோவிதா' என்று அண்ணன் பெரிதாக எழுத ஆரம்பித்து
'தா' வருவதற்குள் இடம் தீர்ந்துபோய்
அது மட்டும் கீழே ஓரமாய் ஒண்டிக்கொண்டிருந்தது.
ஹெண்ணூர் மேம்பாலத்தில் காற்று அதைப் பிடித்து
வண்டியையே வீட்டுக்குத் திருப்பப் பார்த்தது.

மாலில் முதல் கீழ்த்தளம் நிறைந்திருந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதில் காவலாளி
'முந்தே ஹோகி, முந்தே' என்பதை
விசிலாலேயே சொல்லிவிட்டார்.
பதினேழாம் தூணருகே நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தால்
முடிச்சு இறுகியிருந்தது.
பல்லால் கடித்தேன்.
லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் நின்று
யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.

பொம்மைக் கடை வாசலை எட்டியபோது
மூரு, எரடு, ஒந்து எல்லாம் முடிந்து
வேறு இரண்டு பையன்கள் குனிந்திருந்தார்கள்.
எங்கள் ஆட்கள் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்,
யாருக்கென்று தெரியாமல்.

இனி நான் சொல்வதெல்லாம் கேள்விப்பட்டது.

'முப்பது செகண்டு நின்னுச்சுடா,
அந்தப் பையன் கையுறை எல்லாம் போட்டுட்டு வந்தவன்,
அவன் பம்பரமே நடுங்கிடுச்சு.'
இது அண்ணன்.
'பதினொண்ணு. நான் எண்ணுனேன்.'
இது அண்ணி.
ரீத்தா அக்கா கண்ணை மூடி
மங்கள வார்த்தை ஜெபம் தொடங்கியிருக்கிறாள்.
பாதியில் திறந்து பார்த்தபோது
நடுவர் எதிர்ப்பக்கக் கையைத் தூக்கிவிட்டாராம்.
வீடியோவும் இருக்கிறது.
நிறுத்த அமுக்கியபோதுதான் அது ஓடத் தொடங்கியிருக்கிறது.
அதில் நிறைய செருப்புகள், ஒரு கூரை விளக்கு,
'பரவால்ல பரவால்ல பரவால்ல' என்று அண்ணியின் குரல்.

மூன்று வயது எட்வினைக் கேட்டேன்.
'டொக்' என்றான்.
இருப்பதிலேயே நம்பும்படியான சாட்சி அவன்தான்.

ஜோவிதா பதாகையைத் தலை சாய்த்துப் பார்த்தாள்.
'தா ஏன் கீழ விழுந்துடுச்சு?'
அண்ணன் வேறு பக்கம் பார்த்தான்.

தோற்றவர்களுக்கும் ஒரு ஸ்டிக்கர் உண்டு.
அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டே வந்தாள்.
பஸ்ஸுக்குப் போகாமல் எல்லோரும் என்னோடு கீழே இறங்கினார்கள்,
ஓர் அட்டையைக் கட்ட ஆறு பேர் வேண்டும் என்பதுபோல.

'சித்தப்பா, நீ பாக்கல.'
கோபம் இல்லை. கணக்குப் பார்க்கும் குரல்.
'மம்மி, மூடி குடு.'

எலுமிச்சை சாத டப்பாவின் மூடி.
மஞ்சள் எண்ணெய், ஒட்டிய கடுகு, எதையும் துடைக்கவில்லை.
தரையில் வைத்து மண்டியிட்டாள்.
மூரு, எரடு.
ஒந்து சொல்லாமலே பட்டையை இழுத்துவிட்டாள்.

இருநூற்றிருபது ரூபாய் நீலப் பம்பரம்
இடிக்க ஆள் இல்லாததால்
சுற்றியது, சுற்றியது.
கடுகு தெறித்து என் சட்டையில் விழுந்தது.
தகரச் சத்தம் தூண் தூணாய்ப் போய்விட்டு வந்தது.
ஒரு வெள்ளைக் கார் ரிவர்ஸ் எடுக்க முடியாமல் நின்றது.
காவலாளி விசில் ஊதினார்.
நாங்கள் கத்தியதில் அது கேட்கவில்லை.
அண்ணி எண்ணினாள்: முப்பத்தொன்பது, நாற்பது,
நாற்பத்தொன்று.

டொக்.

எட்வினின் வலது கால்.
பம்பரம் காருக்கடியில் போய் ஒடுங்கியது.

ஜோவிதா தம்பியைப் பார்த்தாள்.
அவன் கையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்,
நடுவர் செய்த மாதிரியே.
நெற்றி ஸ்டிக்கரை உரித்து அவனுக்கு ஒட்டினாள்.

பார்க்கிங் அறுபது ரூபாய்.
போட்டிக்கு நுழைவுக் கட்டணமே ஐம்பதுதான்.
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து குரல் வந்தது:
'அடுத்த தடவ நீ பஸ்ல வா.'