ஏழு விநாடி

பதினெட்டு நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல்,
ஐந்து மாணவர் முகமாவது தெரிய,
ஒரே கேமரா.
விதிமுறை, நான்காம் பக்கம்.

வெட்டி ஒட்டுவதுதான் என் தொழில்
என்று அவர்களிடம் சொல்ல முடியாது.
பதினோரு வருடம்
குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே
லாரி இடித்த கம்பங்களின் அடியில்
குடைக்குள் உட்கார்ந்து
கண்ணாடி இழைகளை ஒட்டியவள்.

இப்போது படிக்கிறேன்.
சான்றிதழ் இருந்தால்தான் இனி வகுப்பெடுக்கலாமாம்.
ஒன்பதரைக்கு மேல், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு,
பச்சை மையில் அடிக்கோடு:
'ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் தவிர்க்கவும்.'
'கேட்டபின் ஏழு விநாடி காத்திருக்கவும்.'
'வட்டார வழக்கைக் குறைக்கவும்.'
கடைசி வரியில் மை கொஞ்சம் ஊறிவிட்டது.

எனக்குத் தெரிந்தது ஒரே கேள்வி.
மனசிலாச்சா?
ஸ்பிரிட்டுல துடைச்ச பிறவு விரல் படப்பிடாது, மனசிலாச்சா?
துணுக்கு தொலியில ஏறினா
தேடி எடுக்க ஒக்காது, மனசிலாச்சா மக்களே?
எல்லோரும் தலையாட்டுவார்கள்.
மறுநாள் ஒருவன்
நீல இழையை ஆரஞ்சோடு ஒட்டி
ஒரு வங்கியை அரைநாள் ஊமையாக்குவான்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
தகரக் கூரை போட்ட மாடி அறை.
ஞாயிறு, ஆராதனை முடிந்து மூன்று மணி.
விஜின் வந்தான், ரெஜிலா வந்தாள்,
தாணப்பன் அண்ணன், கூலியை விட்டுவிட்டு சஜிகுமார்.
ஐந்தாவது ஆள் வந்த பஸ்
வில்லுக்குறியில் நின்றுவிட்டது.
கேமரா ஸ்டாண்டைத் தூக்கி வந்த ஆட்டோக்காரர்,
குறும்பனை பெல்லார்மினை,
அப்படியே உட்கார வைத்தேன்.
"ஒண்ணும் பேசாண்டாம். இருந்தாப் போதும்."

முதல் தடவை பாலத்தில் ஒரு கல்யாண வேன்.
இரண்டாவதில் பத்தொன்பது மனசிலாச்சா;
ரெஜிலா தீக்குச்சி வைத்து எண்ணினாள்.
மூன்றாவதில் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல்
"உங்கள் சொற்களில் விளக்க இயலுமா" என்றேன்,
விஜின் சிரித்துவிட்டான்.

நான்காவது.
பதினோராம் நிமிடம் தகரத்தில் மழை.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
திரையில் இழப்பு: பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு.
இவ்வளவு ஏன் வந்தது?
கத்திக் கேட்டேன். பிறகு நின்றேன்.

ஒன்று. இரண்டு.
ஏழு விநாடியில் இழைக்குள் வெளிச்சம்
பதினான்கு லட்சம் கிலோமீட்டர் போய்விடும்.
மூன்று.
சஜிகுமார் தன் செருப்பை முதல்முறையாகப் பார்க்கிறான்.
வெப்ராளம் தொண்டைவரை வந்து
பதிலை நானே சொல்லிவிடப் பார்க்கிறது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஐந்து.
ஆறு.

"ஒரு முனை சரிஞ்சுல்லா கிடக்கு,"
என்றார் பெல்லார்மின்.
"மொட்டைக் கத்தியில சூரை வெட்டுன மாதி.
அது நீங்க வெட்டுனதுதானே?"

ஆமா. நான் வெட்டியதுதான்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
மிச்ச நிமிடங்கள் முழுக்க
அவர் வெட்டினார், நான் பார்த்தேன்,
ரெஜிலா அவர் மணிக்கட்டைத் திருத்தினாள்.
மதிப்பெண் பட்டியலில் இதற்கு
எந்தக் கட்டம் என்று தெரியவில்லை.

இரவு வீடியோ ஏறியது,
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது.
போன் வந்தது:
நட்டாலம் வளைவில் ரப்பர் மரம் சாய்ந்து
கேபிள் போச்சு, வர முடியுமா?
என் வீட்டு லைனும் அதுதான்.

பெல்லார்மின் ஆட்டோ.
அவர் டார்ச் பிடிக்க, நான் குடைக்குள்.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு.
திரையில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.
"மனசிலாச்சு," என்றார் அவராகவே.
"ஆனா நீலம் எதுக்கு முதல்ல?"

மழை குடையில் எண்ணிக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியாது, அண்ணே.
யாரும் சொல்லித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.