ஏற்கெனவே உள்ளவை

ஒக்டோபரில் போனால் பாதி விலையாம்.
ஏன் பாதி விலை என்று
இவர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.
ரொறன்ரோவில் மகள் சிரித்தாள்:
"அது அங்க காத்துக் காலம் அம்மா.
இன்சூரன்ஸ் எடுத்திட்டு வாங்க, போதும்."

அதுதான் இந்தச் செவ்வாய்க்கிழமை
திருமலை வீதியில், இரண்டாம் மாடியில்,
ஏசிக் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தபடி
றிஸ்மியா என்ற பிள்ளைக்கு முன்னால் இருக்கிறோம்.
மேசையில் கப்பலின் படம்.
கோட்டைக்குள் இருக்கிற கச்சேரியைப்
பத்துத் தரம் அடுக்கி
விளக்குப் போட்ட மாதிரி.

இவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில்
இருபத்தாறு வருஷம் இருந்தவர்.
பத்திரத்தை வாசிக்க முதல்
விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்க்கிறார்.
"எண்பது கிராம்" என்கிறார். திருப்தி.
எழுத்தை நான்தான் வாசிக்க வேண்டும்.

பயணப்பை பன்னிரண்டு மணி பிந்தினால் இவ்வளவு.
ஒரு துறைமுகத்தைக் கப்பல் தவறவிட்டால் இவ்வளவு.
நடுக்கடலில் நெஞ்சு வலித்து
ஹெலிகொப்டர் வந்து தூக்கினால்
அதற்கு ஒரு நீளமான எண்.
உடலை ஊருக்கு அனுப்ப
அதைவிடக் குறைவு.

"மறுகா இதுதான் முக்கியம், அன்ரி."
றிஸ்மியா பேனையால் தட்டுகிறாள்.
புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்புறுதி
அந்தப் புயலுக்குச் செல்லாது.
பெயர் வைக்க முதல் வாங்கிவிட வேண்டும்.

எனக்கு வந்ததற்குப் பெயர் இருந்ததா, தெரியாது.
ஒருவரும் சொல்லவில்லை.
எழுபத்தெட்டு என்று
வருஷத்தைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறோம்,
கடன்காரனை
அவன் வீட்டு நம்பரால் சொல்வதுபோல.

நாவற்குடா. பதினொரு வயது.
கதவுக்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்து
உலக்கைக்கு முதுகைக் கொடுத்து
அப்பா விடியும்வரை நின்றார்.
காற்று கதவால் வரவில்லை.
தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு
மேலால் போனது.
மழை அவர் தலையிலேயே விழுந்தது.
அப்போதும் கதவை விடவில்லை.
விடிந்தபோது வளவில் ஒரு தென்னையும் நிற்கவில்லை.
கதவு மட்டும்
சாத்தியபடி இருந்தது.

எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை.
பக்கத்து வீட்டைப் பற்றிப்
படிவத்தில் கேள்வி இல்லை.

ஒன்பதாவது: ஏற்கெனவே உள்ள நோய்கள்.
இவருக்குச் சீனி, பிரஷர். எழுதியாயிற்று.
எனக்கு?
"ராவில காத்துச் சத்தம் கேட்டா எழும்பி
அலுமாரியத் தள்ளிக் கதவுக்கு வைப்பன்.
நாப்பத்தேழு வருஷமா.
அத எழுதணுமா புள்ள?"

இவர் மின்விசிறியைப் பார்க்கிறார்.
றிஸ்மியா சிரிக்கவில்லை.
கொழும்புக்கு எடுக்கிறாள்.
கொழும்பு ஏதோ ஒரு கிண்கிணி வாசித்து
எங்களைக் காக்க வைக்கிறது.
பிறகு கேட்கிறது:
மருந்து எடுத்ததா? டொக்டர் தந்த துண்டு இருக்கா?
துண்டு இல்லையென்றால் அது நோய் இல்லை.
'இல்லை' என்ற பெட்டியில்
பிள்ளை சரி போடுகிறாள்.

இரண்டு பேருக்கும் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
பத்திரத்தை நாலாக மடிக்கப் போனார் இவர்.
பறித்துப் பொலித்தீன் பைக்குள் போட்டேன்,
வாயைச் சுருட்டி, இறப்பர் பட்டி போட்டு.

கல்லடிப் பாலத்தில் ஓட்டோவின் படங்கு அடித்தது.
வெறும் கச்சான்தான். வாடைக்கு நாள் இருக்கிறது.
இருந்தாலும் மகளுக்கு எழுதினேன்:
கப்பல் அறைக் கதவு
உள்ளுக்குத் திறக்குமா, வெளியாலயா?

இரவு வேலை அவளுக்கு. முழித்திருந்தாள்.
நொச்சிமுனை வர முதல் பதில் வந்துவிட்டது.
"கடல் பக்கக் கதவா?
அது முழுக் கண்ணாடி அம்மா.
பக்கவாட்டில சறுக்கும். நல்ல வடிவு."

இவருக்கு வாசித்துக் காட்டினேன்.
தலையாட்டினார்.

சறுக்குகிற கதவுக்கு
உலக்கையை எங்கே கொடுக்கிறது?