ஒன்பதாம் கொடி

தொலைந்தவர்களைத் தேடிப்போகும் மலைமீட்புக் குழுவுக்குப்
புது ஸ்ட்ரெச்சர் வாங்கவேண்டி
ஆளுக்கு எட்டுப் பவுண்டு கட்டித்
தொலையப் போனோம்.

வேல்ஸில் அக்டோபர் ஞாயிறு.
மழை என்று சொல்லமுடியாது,
காற்றே நனைந்து நின்றது.
கார்கள் நடுவே ஒரு மீட்புத் தலைக்கவசம்,
அதற்குள் எங்கள் பெயர்கள், நான்காய் மடித்து.
என் சீட்டைப் பிரித்தேன்: எம்ரிஸ் பெவன்.
அவனும் எட்டிப் பார்த்தான்.
திரும்பப் போடலாமா என்று
இருவருமே கேட்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவன் தன் வேலியை
அரை அடி என் பக்கம் நகர்த்தினான்.
நகர்த்தவில்லை என்கிறான்.
சாட்சி சொல்ல ஓணான்கூட இல்லாத குளிர்நாடு.
அன்றிலிருந்து அவன் வீட்டுக் கடிதங்களை
ஓசைப்படாமல் போட்டுவிட்டு வருகிறேன்.
தபால்காரிக்குக் கோபப்பட உரிமையுண்டு,
கொடுக்காமலிருக்க இல்லை.

எழுபது நிமிடம். இருபது கொடிகள்.
ரொட்டிக்கடை கிளெனிஸ் என் தாளில்
கொடிக்கு ஐந்து பவுண்டு என்று எழுதியிருந்தாள்,
இரண்டைத் தாண்டமாட்டேன் என்கிற தைரியத்தில்.

விசித்திரமான வரைபடம்.
வெள்ளை என்றால் காடு, ஓடலாம்.
மஞ்சள் என்றால் வெட்டவெளி.
பச்சை கறுக்கக் கறுக்க ஆள் நுழையமுடியாது.
இருபத்திரண்டு வருடமாக
கதவிலக்கம் பார்த்தே நடந்த கால்கள் இவை;
பெரணிச் செடிகளுக்கு இலக்கமில்லை.

"இடது."
"ஓடை."
"இது அந்த ஓடை இல்லை."
"அப்போ எந்த ஓடை?"
ஆறு வருடத்தில் நாங்கள் பேசிய
மிக நீண்ட பேச்சு.

அவன் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தான்,
ஈன், டாய், ட்ரி,
நூறுக்கு ஒரு கூழாங்கல் பைக்குள்.
முதல் கொடி ஒரு பாறைக்குப் பின்னால்
ஆரஞ்சும் வெள்ளையுமாய்க் குந்தியிருந்தது.
ஊசிக் கவ்வி அட்டையைக் கடித்தது.
எலி கடித்தாற்போல் ஏழு துளை.
அசிங்கமாக இருந்தது என் சந்தோஷம், கத்திவிட்டேன்.

ஒன்பதாம் கொடிக்குப் போனால்
வரைபடத்தில் கரும்பச்சை,
எதிரே அடிக்கட்டைகள்.
மலைச்சரிவு முழுக்க.
அச்சடித்த பிறகு வெட்டியிருக்கிறார்கள்.
இல்லாத காட்டுக்குள்
எந்த மரத்தடியில் தேடுவது?

எம்ரிஸ் திசைகாட்டியை நீட்டினான்.
கை நடுங்கியது. குளிரென்று நினைக்கலாம்.
ஆஸ்பத்திரி முத்திரை வைத்த உறைகளை
மூன்று மாதமாக அவன் வீட்டில் போடுபவள்
அப்படி நினைக்கமுடியாது.
தட்டு ஆடியது, அவன் மணிக்கட்டு ஆடியது,
ஊசி மட்டும்
வடக்கிருந்தது.

"நீ பிடி," என்றான்.
பிடித்தேன்.

ஒரு இடிந்த சுவரில் உட்கார்ந்து
அவன் வாங்கிவந்த வாழைப்பழத்தைப் பாதியாக்கினோம்.
சுவர் வரைபடத்திலும் இருந்தது, விட்டுவிட்டு ஒரு கோடாக.
ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்று
ஓரத்தில் அச்சிட்டிருந்தது.
"உன் அரை அடி," என்றான்,
"இந்தக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே காணாமல் போயிடும்."
"அப்போ நகர்த்தினது உண்மை."
இருமினான். சிரிப்பாகவும் இருக்கலாம்.

பதினொரு நிமிடம் தாமதம்.
நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி பிடித்தார்கள்.
கடைசிக்கு முந்தைய இடம்; கடைசி ஜோடி
ஒரு மாட்டுக்குப் பயந்து திரும்பியிருந்தது.
ஆனால் கிளெனிஸ் எழுதியது கொடிக்கு, புள்ளிக்கல்ல.
அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
துளைத்த கட்டங்களை எண்ணினாள், இரண்டு முறை:
பதின்மூன்று.
அறுபத்தைந்து பவுண்டும் சில்லறையாகவே தந்தாள்.

ஒன்பதாம் கொடியைத் திரும்ப எடுத்துவர
மீட்புக் குழு அன்று மாலை
விளக்கும் நாயுமாய்ப் போனது.
கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எம்ரிஸ் பெயருக்கு
மறுபடியும் அந்த முத்திரை.
வேலியோரமாக நடந்தேன், அளக்காமல்.
இந்தமுறை அவன் கதவின் தபால்மூடியைச்
சத்தமாக விழவிட்டேன்.