மிஞ்சிய பாகம்

குராமோச்சியின் கொழுப்பு
செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது,
ஒரு சாண் குடலைச் சுற்றியபடி, ஃபார்மலின் நெடியோடு.

அவரை நான் பார்த்ததில்லை.
ஹாகோடாட்டேயிலிருந்து அவோமோரி போகும் கப்பலின்
எஞ்சின் அறையில் முப்பத்தோரு வருடம்.
இடது காது மந்தம்.
இதெல்லாம் பரிசோதனைத் தாளில் இருப்பதில்லை;
தேநீர் ஆறும்வரை டாக்டர் ஹதகேயாமா சொன்னது.

ஆகஸ்டில் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள்
பட்டாணி அளவுக் கட்டியை.
விளிம்பு சுத்தம்.
ஸ்கேனில் கணுக்கள் எல்லாம்
உளுந்தும் பயறுமாய், அடக்கமாய்.
ஸ்கேனுக்கு அளவுதான் தெரியும்.
வீட்டுக்குள் யார் ஒளிந்திருக்கிறார் என்று
கூரையின் உயரத்தை அளந்து சொல்ல முடியுமா?

அந்தக் கட்டியின் ஓரத்தில்
கூட்டத்தை விட்டுப் பிரிந்து நின்ற செல் கொத்துகளை
எண்ணியது நான்தான்.
ஒரே பார்வைப் புலத்தில் பதினொன்று.
எழுதினேன்.
அந்த எண்தான் அவரை மறுபடி மேசையில் கிடத்தியது.
"உங்களைப் போன்ற பத்தில் எட்டுப் பேருக்கு
கணுவில் ஒன்றும் இருக்காது" என்றாராம் ஹதகேயாமா.
"மீதி இரண்டு பேர் யார்?" என்று கேட்டுவிட்டு
இவர் கையெழுத்துப் போட்டாராம்,
இடுப்பில் பையோடு வாழ்வதற்கு.

இளம் மருத்துவர் பன்னிரண்டு கணு பொறுக்கியிருந்தார்.
பன்னிரண்டு போதும் என்பது வழக்கம்.
மிச்சக் கொழுப்பை விரலிடுக்கில் நசுக்கினேன்,
அரிசியில் கல் பார்ப்பதுபோல.
இன்னும் ஐந்து.
கடைசியது கடுகு. கொழுப்பா கணுவா என்று
விரலே தயங்கியது.

பதினேழும் மெழுகில் உறைந்தன.
சீவி, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றிப் பார்த்தேன்.
சுத்தம்.
கெராட்டின் சாயம் ஏற்றினேன்.
ஒளிந்திருந்தால் பழுப்பாய்க் காட்டிக்கொடுக்கும்.
பழுப்பு இல்லை.
இன்னும் ஆழம் சீவச் சொன்னேன்.
மூன்றாம் மட்டம். ஐந்தாம் மட்டம்.
"யாரும் கேட்கவில்லையே" என்றாள் நவோ,
கத்தியை மாற்றியபடி.

ஏழாம் மட்டத்தில்தான் எனக்கு உறைத்தது:
நான் தேடவில்லை.
இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.
ஒரே ஒரு பழுப்புப் பொட்டு.
ஒரு மனிதனின் கீழ்வாசலை அடைத்து
வயிற்றில் வாசல் வைத்ததற்கு
ஒரு நியாயம்.

குழலிலிருந்து கண்ணை எடுத்தேன்.
கை நடுங்கியது என்று எழுதினால் பொய்.
காது சுட்டது.

அறிக்கையில் "இல்லை" என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.
"காணவில்லை" என்றுதான் எழுதலாம்.
நாய்க்குட்டி தொலைந்தால் மின்கம்பத்தில் ஒட்டுவார்களே,
அதே சொல்.
எங்கோ இருக்கிறது என்ற பொருளும்
அதற்குள்ளேயே குந்தியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு துண்டுச் சீட்டு வந்தது,
குராமோச்சி பென்சிலில் எழுதியது:
"எஞ்சினைப் பிரித்துப் போட்டு, பழுதில்லை என்று
மறுபடி பூட்டிய நாட்கள் எனக்கும் உண்டு.
கம்பெனியில் திட்டுவார்கள்.
அன்றிரவு நன்றாகத் தூங்குவேன்.
ஆனால் நீங்கள் பூட்டியதில்
ஒரு பாகம் மிஞ்சிவிட்டதே,
அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

சிரித்தேன்.
சிரிப்பு நின்ற இடத்திலேயே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே நீரிணையில்
கணவாய்ப் படகுகள் விளக்கேற்றிவிட்டன.
அத்தனை வெளிச்சத்துக்கும்
மேலே வருகிற கணவாய்தான் வரும்.

பதினேழு கட்டிகளும் எண் போட்டு இழுப்பறையில்.
கடுகை மட்டும்
ஏழாம் மட்டத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.
இன்னும் கொஞ்சம் இருக்கிறது அதில்,
சீவாமல்.