எடை

மோர்ப்பண்ணைக்காரர்கள் தேடி வந்தது
இன்ஜின் பார்க்க அல்ல.
தொண்டி பஜாரில் என் பட்டறை வாசலில் நின்று
ஏற இறங்கப் பார்த்தார்கள்.
"என்ன எடை இருப்பீங்க, கனி அண்ணே?"

தொண்ணூற்று நாலு.
அரிசி மண்டித் தராசில் விளையாட்டாய் ஏறி நின்றது
கடற்கரை முழுக்கப் போயிருக்கிறது.

ஆடிக் கடைசியில் பாய்மரப் போட்டி.
வத்தைக்கு ஆறு பேர்.
கச்சான் ஏறி அடித்தால் வத்தை ஒருக்களிக்கும்;
காற்று வரும் பக்கம் பலகையை நீட்டி
நுனியில் ஒருவன் உட்கார வேண்டும்.
போன வருடம் உட்கார்ந்தவன்
சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான்.
அவனுக்குப் பதில் நான்:
இருபத்திரண்டு வருடமாய் இன்ஜினைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக்
கரையில் டீ குடித்தவன்.

சுக்கானில் சித்திரைவேலு,
என் மூத்த மகனைவிட இரண்டு வயது இளையவன்.
"போன்னா வெளிய, வான்னா உள்ள.
அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை.
அவன் வாய் திறக்குமுன்
பலகை தொடையை முட்டித் தூக்கும், ஒரு நொடி.
எட்டு நாள் ஒத்திகையில் ஆறு நாள்
எனக்கு அது கேட்கவில்லை.
கோளாறைக் காதால் பிடிக்கிறவன் நான்;
இது உட்காரும் இடத்தால் கேட்க வேண்டியது.

பதினான்கு வத்தைகள்.
போகும்போது காற்று முதுகில்; நான் சும்மா.
கொடிமிதவையைச் சுற்றியதும்
தாமான் கயிறு முறுகி முனகியது.
"போ!"
போனேன்.
தண்ணீருக்கு மேலே, முழுத் தொண்ணூற்று நாலோடு.
இந்த உடம்பு ஓர் உதிரிபாகம் போல
அதற்கான இடத்தில் பொருந்தியது
அன்றைக்குத்தான்.
ஐந்தாவது. மூன்றாவது. இரண்டாவது.

பிறகு காற்று விழுந்தது.
பாய் தொங்கியது,
கல்யாணம் முடிந்த பந்தல் துணியாய்.
மண்மூட்டைகளைத் தள்ளினார்கள், ஒன்று, இரண்டு, மூன்று.
தண்ணீர்க் குடம்.
தூக்குவாளியில் இருந்த பழைய சோறுகூட.
அப்புறம் ஐந்து பேரும்
வேலையில்லாமல் பாயையே பார்த்தார்கள்.
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
அதில்தான் புரிந்தது.

மிதவைச் சட்டையின் வாரை இறுக்கி
மெல்ல இறங்கினேன்.
குதித்தால் வத்தை உலையும்;
அது எட்டாம் நாள் பாடம்.

கண்மட்டத்தில் அது நகர்ந்து போனது.
அணியத்தில் நீர் சப்புக்கொட்டியது தவிர
ஒரு சத்தமும் இல்லை.
என் கை படாத ஒன்று ஓடுவதை
அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

தூக்க வந்தது நைனாரின் விசைப்படகு.
ஏறியதும் சொன்னேன்:
"நாசில் ஒழுகுது. செவ்வாக்கிழமை கொண்டா."

கரையில் தகராறு.
முதலில் வந்தது நம் வத்தைதான்.
"ஆறு பேர் போனான், அஞ்சு பேர் வந்தான்,"
என்றது பாசிப்பட்டினம்.
"மூட்டையத் தள்ளலாம்னா எடையத் தள்ளலாம்ல?"
சித்திரைவேலு கத்தினான்.
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்
சண்முகவள்ளி சொன்னாள்:
"எடைக்குப் பேர் எழுதியிருக்கே."

கிடா பாசிப்பட்டினத்துக்குப் போனது.
நோட்டில் புதிதாய் ஒரு வரி:
ஏறிய ஆள் நடுக்கடலில் இறங்கக்கூடாது.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது;
விரலில் ஈரம், மை பரவிவிட்டது.

"அடுத்த ஆடிக்கு எம்பத்தெட்டு போதும்ணே,"
என்று சித்திரைவேலு சொல்லிப்போய் நாலு நாள்.
பட்டறையில் ஸ்டூல்,
மடியில் நைனாரின் நாசில்.
தெருவில் காற்று திரும்பி ஷட்டரைத் தட்டியது.
யாரும் "போ" என்று சொல்லவில்லை.
ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்திருந்தேன்.